கதவிடுக்கில் ஊதுபத்தி

"பதினெட்டுப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க. ஒரே ஒரு பக்கத்துக்குப் போடல. அதுல என்ன குறை கண்டீங்க, மேடம்?"

ஆவுடையப்பன் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்தான். காசநோய்த் தனியறைக்கான பக்கம். கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது.

ஜெபக்கனி அதைக் குனிந்து பார்க்கவில்லை.

"போய்ப் பாருங்க, அண்ணாச்சி."

அந்த ஆஸ்பத்திரியின் மின்சாரம், தண்ணீர், காற்று மூன்றும் அவள் பொறுப்பு. வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை கற்க வந்த ஆவுடையப்பனுக்கு நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் நூற்பாலையில் காற்றோடு கிடந்தவன். நூல் அறாமல் இருக்க எவ்வளவு ஈரம், எவ்வளவு வேகம் என்பதை ராத்திரி ஷிப்டுகளில் காதாலேயே படித்தவன். மில்லை மூடினார்கள். காது மட்டும் மிச்சம்.

ஜெபக்கனியிடம் இரண்டு பதில்கள்தான் உண்டு. "போய்ப் பாருங்க" ஒன்று. "இன்னொருக்கா போய்ப் பாருங்க" மற்றொன்று. மேடத்துக்கிட்ட சந்தேகம் கேட்டா கால்தான் வலிக்கும் என்று எலக்ட்ரீசியன்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன். காத்தழுத்த மீட்டரு மைனஸ் மூணு காட்டுது. விதியில கேக்கது ரெண்டரைதான். கரண்டும் பாதியாக் கொறைஞ்சிருக்கு."

அது அவனுடைய பெருமை. விசிறியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கரண்டு பாதியாகும். மில்லில் கற்றது. இங்கே மொட்டைமாடிக்கு ஏறி ஒவ்வொரு விசிறியாகக் குறைத்தான். வியாழக்கிழமை தரச் சான்றிதழ்க் குழு வருகிறது. அந்தப் பக்கத்திலும் கையெழுத்து விழுந்தால் அவன் வேலை நிரந்தரம். விழாவிட்டால், ஐம்பது வயதில் மறுபடி யார் வாசலில் போய் நிற்பது?

"போய்ப் பாருங்க," என்றாள் மறுபடியும்.

போனான்.

அந்த அறையின் காற்று வராந்தாவுக்கு வரக்கூடாது. வராந்தாக் காற்றுதான் உள்ளே போகவேண்டும். போனதை மொட்டைமாடி விசிறி இழுத்து, வடிகட்டி, ஆகாயத்தில் விடும். அதற்காகவே கட்டிய ஏசி அறை. மீட்டரில் மைனஸ் என்றால் காற்று உள்ளே போகிறது என்று பொருள்.

கதவு நாலு விரற்கடை திறந்திருந்தது. சாத்திவிடாமல் இருக்க, மடித்த எக்ஸ்ரே பிலிம் ஒன்றைக் கீழே செருகியிருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் ஆயா பிச்சம்மாள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"கதவு ஏன் தெறந்து கெடக்கு?"

"உள்ள கெடக்க ஐயா கூப்பிட்டா என் காதுல விழணும்லா?"

"அதுக்குப் பெல் இருக்கே."

"பெல்லு செத்து மூணு மாசம் ஆச்சு, சார். எழுதிக் குடுத்தாச்சு."

"யாருகிட்ட?"

"உங்க ஆபீசுலதான்."

ஆவுடையப்பன் பிலிமை உருவினான். கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு மேலிருந்த மீட்டரின் முள் மெல்ல நகர்ந்து மைனஸ் மூன்றில் நின்றது. அவனுக்கு உயிர் வந்தது.

"இப்படியே சாத்தி வைக்கணும், என்ன?"

"வைக்கலாம் சார். ஐயா செத்தா உங்களைக் கூப்பிடுதேன்."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரும்பி வந்தான்.

"சாத்துனா மைனஸ் மூணு. சரியாத்தான் இருக்கு, மேடம்."

"யாரு சாத்துனா?"

"நான்தான்."

"நீங்க இங்க வந்துட்டீங்க. இப்ப?"



ஜெபக்கனி மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாச்சே. இது எதுக்கு?"

"மீட்டரோட எனக்குச் சண்டை வந்தா கொளுத்துவேன். உள்ள இருக்கவருக்கு ஆக்சிஜன் ஓடல, நர்சுகிட்ட கேட்டுட்டேன், நெருப்புக்குப் பயமில்ல. இன்னொருக்கா போய்ப் பாருங்க. கதவைத் தொடாதீங்க."

கதவு பழையபடி நாலு விரற்கடை திறந்திருந்தது. பிலிம் பழைய இடத்தில்.

"என்ன சார், கதவுக்குப் பூசையா? தேங்கா எங்க?"

ஆவுடையப்பன் பத்தியைக் கொளுத்தி, கதவிடுக்கில் பிடித்தான்.

புகை கொஞ்சநேரம் நேராக நின்றது. எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதுபோல.

பிறகு வராந்தாப் பக்கம் சாய்ந்தது.

கையைத் தாழ்த்திப் பிடித்தான். உயர்த்திப் பிடித்தான். அது சாவதானமாக நெளிந்து, ஸ்டூலைச் சுற்றி, டீ டம்ளரைத் தொட்டு, பிச்சம்மாளின் முகத்தில் ஏறியது.

முந்தானையால் விசிறிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"என் பக்கமே வருது, பாருங்க. ரெண்டு மாசமா இந்த இடம் சொர்க்கம், சார். முன்னால இந்த வராந்தாவுல உக்கார முடியாது, ஆளை அவிச்சிரும். இப்ப அந்த இடுக்கு வழியா குளுகுளுன்னு காத்து வருது. எந்த மகராசன் விட்டானோ, நல்லா இருக்கணும்."

அவன் விசிறியின் வேகத்தைக் குறைத்தது ஆடிக் கடைசி.

இது புரட்டாசிக் கடைசி.

பத்திச் சாம்பல் அவன் கட்டைவிரலில் விழுந்தது. அவன் கையை உதறவில்லை.

குறைத்த வேகம் சாத்திய கதவுக்குத்தான் போதும்; திறந்த கதவுக்குப் போதாது. மொட்டைமாடிக்குப் படியேறினான். விசிறிப் பெட்டியைத் திறந்து வேகத்தை முழுசாக ஏற்றினான். இரண்டு மாதமாக முனகிக்கொண்டிருந்த விசிறி தொண்டையைத் திறந்தது. அந்த முனகலை அவன் தினமும் கேட்டிருக்கிறான். மிச்சமாகும் கரண்டின் சத்தம் என்று நினைத்திருந்தான்.

கீழே இறங்கி ஸ்டோரிலிருந்து ஒரு பெல்லை எடுத்து வந்தான். அதை வராந்தாவில் மாட்டி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அறைக்குள் போய், அதன் பொத்தானை நோயாளியின் தலைமாட்டில் வைத்தான். உள்ளே இருந்தவர் அமுக்கிப் பார்த்தார். வெளியே கிணுகிணுத்தது. பிச்சம்மாள் திடுக்கிட்டு எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

நர்ஸ் மேசைக்குப் போய் டாக்டரிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினான்.

திரும்பி வந்தபோது கதவருகே ஜெபக்கனி நின்றிருந்தாள். கையில் பதிவேடு.

அவன் மிச்சப் பத்தியைக் கொளுத்தி, திறந்திருந்த இடுக்கில் பிடித்தான். புகை நிற்கவே இல்லை. நூல் கோத்ததுபோல உள்ளே போய்விட்டது.

"காத்து நின்னுட்டே, மேடம்," என்றாள் பிச்சம்மாள், ஜெபக்கனியைப் பார்த்து. "இம்புட்டு நேரம் நல்லா வந்துட்டு இருந்துது. எந்தப் படுபாவி நிப்பாட்டுனான்னு தெரியல."

ஜெபக்கனி பதிவேட்டை அவனிடம் நீட்டினாள்.

ஆவுடையப்பன் அதை வாங்கினான். ஸ்டூலுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, பதிவேட்டை முழங்கால்மேல் வைத்தான். 'சரி' என்று தான் எழுதியிருந்ததன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டான். பக்கத்தில் எழுதினான்: இரண்டு மாதம் காற்று வெளியே வந்தது.

பிறகு பிச்சம்மாளை நிமிர்ந்து பார்த்தான்.

"நிப்பாட்டுனது நான்தாம்மா. விட்டதும் நான்தான். அது குளிர்ந்த காத்து இல்ல. உள்ள இருக்கவரு விட்ட மூச்சு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், உங்களை நாளைக்கு நெஞ்சுப் படம் எடுக்க வரச் சொன்னாரு. நானும் கூட வாரேன்."

பிச்சம்மாள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். பாதி டீ இருந்தது. அதை மெதுவாக ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு, தாடையில் கிடந்த கவசத்தை மூக்குக்கு ஏற்றிக்கொண்டாள்.

மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி குனிந்து அவன் முழங்காலிலிருந்து பதிவேட்டை எடுத்தாள்.

"பேனா குடுங்க, அண்ணாச்சி."