செங்காலி சுரண்டிய முட்டைகள்

உப்பங்கழி ஓரத்தில் ஒரு பண்ணைக் குளம். அதில் இறால்கள் இருந்தன. செங்காலி என்ற நண்டும் இருந்தாள். இறால்கள் குளத்துப் பிறவிகள். செங்காலியைக் கடலில் பிடித்து வந்து விட்டிருந்தார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்.

இப்போது அவள் வயிற்றடியில் முட்டைகள். மஞ்சளாய், கொத்துக் கொத்தாய். முதல் ஈட்டு முட்டைகள் வலையில் சிக்கியபோதே உதிர்ந்துபோயின. இவற்றையாவது குஞ்சாகப் பார்த்துவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை அவளுக்கு.

மூன்று நாளுக்கு ஒரு தரம் பண்ணைக்காரன் தவிடும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்த கரைசலைக் குளத்தில் ஊற்றுவான். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி இருந்தன. அவை முட்டைகள்மேல் மெல்லிய வழவழப்பாய்ப் படிந்தன.

செங்காலிக்கு அருவருப்பு. "யாரடா அது, என் பிள்ளைகள்மேல்?"

"காவலுக்கு வந்திருக்கிறோம், தாயே. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் கெட்டது உட்காராது."

"கடலில் எங்களுக்கு எவனும் காவல் வைத்ததில்லை. போங்கள்!"

கால் நுனியால் சுரண்டத் தொடங்கினாள். பக்கத்து இறால் மீசையான் பதறி வந்தான்.

"மதினி, நிறுத்துங்க. கடல் ஓடுற தண்ணி. அழுக்கை அதுவே கொண்டுபோயிரும். இது நிக்கிற தண்ணி. ஆயிரம் பேர் இதிலேயே தின்னு, இதிலேயே கழிக்கிறோம். இவங்க இல்லாட்டி நாம இல்லை."

"குளத்தில் பிறந்தவனுக்கு நாற்றமும் சொந்தம்தான்."

மீசையான் போய்விட்டான். இதற்குமேல் என்ன சொல்வது?

இரண்டு நாள் சுரண்டினாள். மறுபடி கரைசல் ஊற்றியபோது எதிர் மூலைக்கு ஓடினாள். நான்காம் நாள் முட்டைகள் வெளுத்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மீசையா, இங்கே வா. சுத்தம் என்றால் என்னவென்று பார்த்துக்கொள்."

மீசையான் பார்த்தான். பஞ்சு பஞ்சாய்ப் பூசணம்.

"ஒண்ணைத் தொட்டுப் பாருங்க மதினி."

தொட்டாள். கூழாய்க் கரைந்தது. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும்.

கரைசல் ஊற்றும் மூலைக்கு ஓடினாள். "வாங்கப்பா. எங்கே வேண்டுமானாலும் உட்காருங்க. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்."

நுண்ணுயிர்கள் வந்தன. கொத்து முழுக்கத் தேடிப் பார்த்தன.

"தாயே, இருக்கிற உயிரைத்தான் எங்களால் காக்க முடியும். போனதைக் கொண்டுவரத் தெரியாது."

செங்காலி வயிற்று மடலை அசைத்து அசைத்து, செத்த முட்டைகளுக்குத் தண்ணீர் வீசிக்கொண்டே இருந்தாள். கடைசி முட்டை கரையும் வரை வீசினாள். மீசையான் பக்கத்தில் நின்றான்.

காக்க வந்தவனை அழுக்கென்று துடைத்தெறிந்தால், கெடுக்க வருபவனுக்கு நாமே இடம் ஒழித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.