இடப்பக்கத்துப் படம்

நரிக்கோரைச் சதுப்பின் உள்பகுதிக்கு வரைபடம் கிடையாது. அளக்கப் போனவர்கள் எல்லாரும் இடுப்பளவு சேற்றோடு திரும்பி வந்தார்கள். எழுபது வருடங்களுக்கு முன்பு, ஒரு கடுங்கோடையில், விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் இருந்தன.

அந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்தவர் இசைவாணி. வயது முப்பது. அவரிடம் சீடராகச் சேர்ந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. ஊர் ஊராகச் சாலை அளந்துவிட்டு, வேலையை விட்டு வந்தவர்.

அன்று காலை தணிகாசலம் தன் முதல் வரைபடத்தை விரித்தார். சதுப்பின் நடுவே பெரிய மேடு ஒன்று.

"உள்ள எருமை மேய்க்கிறவங்க, திடீர்னு தண்ணி ஏறினா இந்த மேட்டுக்கு நடந்துடலாம் டீச்சர். நாளைக்கு அச்சுக்குப் போகுது. நான் எப்பக் கையெழுத்துப் போடலாம்?"

"பேனாவை மூடுங்க சார். முதல்ல மேட்டைக் காட்டுங்க."

மேசைமேல் இரட்டைக் கண்ணாடி இருந்தது. ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அதன் கீழே அருகருகே வைத்தால், தட்டைப் படத்திலிருந்து தரை எழும்பி நிற்கும்.

இசைவாணி குனிந்து பார்த்தார்.

"நல்ல மேடு."

தணிகாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

இசைவாணி இடப்பக்கத்துப் படத்தை எடுத்தார். வலப்பக்கத்துப் படத்தை அந்த இடத்துக்கு நகர்த்தி, கையிலிருந்ததை வலப்பக்கம் வைத்தார்.

"இப்பப் பாருங்க."

தணிகாசலம் பார்த்தார். மேட்டைக் காணோம். அதே இடத்தில் தரை உள்வாங்கிக் கிடந்தது. மழைக்காலத்தில் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும் பள்ளம்.

எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தை நோக்கி நடக்கும் பிள்ளைகள் அவர் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

"அது மேடா எவ்வளவு தெளிவா இருந்துச்சோ, இது பள்ளமா அவ்வளவு தெளிவா இருக்கே, டீச்சர்!"

"தெளிவுக்கு என்ன குறைச்சல்?"

"அப்ப நான் எப்படிக் கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

"பள்ளத்துக்குள்ள ஒரு ஆறு ஓடுது பாருங்க. நீங்க படத்தை இடம் வலம் மாத்தி வெச்சப்ப அது மேட்டு உச்சியில ஏறி ஓடியிருக்கும். உங்க கண்ணுல படலையா?"

தணிகாசலம் தன் வரைபடத்தில் ரப்பர் தேய்த்த இடத்தை விரலால் தடவினார்.

"பட்டுச்சு. முதல்ல வரைஞ்சேன். மேட்டு மேல ஆறு எப்படி ஓடும்னு அழிச்சிட்டேன்."

"ஓடாதுதான்," என்றார் இசைவாணி. "அதுக்கு ஏன் சார் ஆத்தை அழிச்சீங்க?"