திரைக்குக் கீழே நொச்சித்துறை

ஆற்றோரமாய் ஓர் ஊர் இருந்ததாம். வெள்ளம் வந்தால் சொல்ல ஒரு திரையும் இருந்ததாம். திரை இன்னும் இருக்கிறது. ஊர்தான் இல்லை.

திரையில் ஊருக்கு ஒரு கட்டம், எல்லாம் ஒரே வரிசையில். தண்ணீர் ஏறினால் அந்த ஊரின் கட்டத்தைச் சுற்றித் தடித்த சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை விழவைக்கும் கணினி ஸ்கிரிப்டை எழுதியவன் முத்தரசன். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள் பரிமளா, வயதில் அவனுக்குச் சின்னவள். கேலிக்கு 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தான், அதுவே நிலைத்துவிட்டது.

கடைசிக் கட்டம் நொச்சித்துறை. வெள்ளம் வந்த அன்று அந்த ஊருக்கு மட்டும் எச்சரிக்கை போகவில்லை. திரையைப் பார்த்து எச்சரிக்கை அனுப்ப வேண்டிய ஆபரேட்டர் யேசுதாசனை சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைத்தவர்கள் அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். "சிவப்பு வரலைய்யா" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"சோதிச்சுட்டேன் குருவே. கோடு சரியா விழுது," என்றான் முத்தரசன். "அந்த ஆள் தூங்கியிருப்பார்."

"எந்தத் திரையில பார்த்தே?"

"என்னோடதுல."

"அது கல்யாண மண்டபம் மாதிரி பெருசா இருக்கும். வா."

கட்டுப்பாட்டு அறையில் இருந்தது பழைய, சின்னத் திரை.

"அன்னைக்கு ஏறின மாதிரியே எல்லா ஊருக்கும் தண்ணி ஏத்து."

எண்களைப் போட்டான். முதல் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விழுந்தது. கோட்டின் தடிப்பில் கட்டம் பருத்தது. அடுத்ததும் பருத்தது. ஒன்று மற்றதைத் தள்ளியது. கடைசிக் கட்டத்துக்கு வரிசையில் இடமில்லை. நழுவித் திரைக்குக் கீழே போய்விட்டது.

முத்தரசன் மெல்லப் பக்கத்தை நகர்த்தினான். கீழே, யார் கண்ணிலும் படாமல், நொச்சித்துறை சிவந்து கிடந்தது.

"ஸ்கிரிப்டுல ஒரு வரிதான் குருவே," என்றான். "முதல்லயே எல்லாக் கட்டத்துக்கும் அதே தடிமன்ல நிறமில்லாத கோடு போட்டுடலாம். தண்ணி ஏறினா நிறம் மட்டும் மாறும். எதுவும் நகராது." குரல் இறங்கியது. "யாருக்கும் தெரியாம இப்பவே மாத்திடட்டுமா?"

விசாரணைக்கு வந்த யேசுதாசன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மாத்து," என்றாள் பரிமளா. "அவர் பார்த்ததுக்கு அப்புறம் மாத்து."

முத்தரசன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

"அண்ணே, உள்ள வாங்க. தப்பு என்னோடது. விசாரணையில நானே சொல்லிடுறேன்."

யேசுதாசன் வந்து திரையைப் பார்த்தார். முத்தரசன் பக்கத்தை நகர்த்திக் காட்டினான்.

"அன்னைக்கும் இங்கதான் கிடந்துச்சா?"

"ஆமாண்ணே."

யேசுதாசன் திரும்பினார். வாசலில் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து போகிறவர் போல வெறுங்காலோடு நடந்து போனார்.