கரையடிப் பட்டணத்து மேயர்

காட்டின் ஓரத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதற்கு மேற்கே நீளமான மண்கரை. கரைக்குக் கீழே, ஏரித் தண்ணீரைவிடத் தாழ்ந்த பள்ளத்தில், முயல்களும் கீரிகளும் பெருச்சாளிகளும் காட்டுப்பன்றிகளும் ஒரு பட்டணம் அமைத்து வாழ்ந்தன. அதற்குக் கரையடிப் பட்டணம் என்று பெயர். தலைக்கு மேலே தண்ணீரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய ஊர் அது.

தொடக்கத்தில் அந்த ஊருக்கு மேயர் கிடையாது. காத்தான் என்ற உடும்புதான் இருந்தது. நண்டுகள் கரையில் வளை தோண்டும். வளை வழியே தண்ணீர் கசியும். கவனிக்காமல் விட்டால் கரை உடையும். ஒரு மழைக்காலத்தில் அப்படி உடைந்து பாதி ஊர் அடித்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு காத்தான், யாரும் சொல்லாமலே, தினமும் கரைமேல் ஒரு நடை நடக்கத் தொடங்கியது. வளை கண்ட இடத்தில் களிமண்ணை அப்பி, வாலால் அடித்து இறுக்கியது. ஊரார் மனம் நெகிழ்ந்து, இனி நீ இரை தேடிப் போக வேண்டாம், உன் சாப்பாடு எங்கள் பொறுப்பு, நீ கரையை மட்டும் பார் என்றார்கள். மேயர் பதவியின் வரலாறு இவ்வளவு எளிமையாகத்தான் தொடங்கியது.

காத்தானுக்குப் பிறகு வந்த கீரி, நடந்து நடந்து கால் வலிக்கிறது என்று உட்கார ஒரு கல் கேட்டது. கொடுத்தார்கள். அதற்கடுத்து வந்த மரநாய், கல்லில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல் பலர் வணக்கம் சொல்லாமல் போகிறார்கள் என்று வருந்தியது. மனிதர்களின் ஊர்ப்பக்கம் போய்வந்த ஒரு காகம் 'மேயர்' என்ற பட்டத்தைக் கேட்டுக்கொண்டு வந்து கொடுத்தது. அடுத்த மேயருக்குத் தூக்கணாங்குருவிகள் சிவப்பு அங்கி ஒன்று நெய்தன. அதற்கடுத்தவருக்கு நத்தை ஓடுகளைக் கோத்த சங்கிலி. அதற்கும் அடுத்தவருக்கு மூங்கில் கோல்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு வழுக்குகிற கரைமேல் நடக்க யாரால் முடியும்? ஆகவே ஆணையர் என்று ஒருவரை வைத்து, கரையைப் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். மேயர் பதவிக்குப் பாரமாக இருந்தது அந்த வேலை ஒன்றுதான் என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

இந்தக் கதை நடந்தபோது சபாபதி என்ற கூழைக்கடா மேயராக இருந்தது. அங்கி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியதால் தேர்தலில் ஜெயித்தது. கெட்ட பறவை அல்ல. யார் கூப்பிட்டாலும் போகும். புதுப் பொந்துகளின் வாசலில் கட்டிய கொடியை அலகால் கத்தரித்துத் திறந்துவைக்கும். வலசை வரும் பறவைகளை வரவேற்கும். இறந்தவர் வீட்டில் உருக்கமாக இரங்கல் சொல்லும். ஒரே பொந்தை மூன்று முறை திறந்துவைத்த சாதனையும் அதற்கு உண்டு.

கரையை ஒட்டிய கடைசி வளையில் செவந்தி என்ற முயல் குடியிருந்தது. அந்த ஐப்பசியில் அது நான்கு குட்டிகள் போட்டிருந்தது. அவற்றுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. ஒருநாள் காலை, குட்டிகளுக்குப் பின்னால் இருந்த மண்சுவர் ஈரமாக இருப்பதைச் செவந்தி பார்த்தது. நக்கிப் பார்த்தது. ஏரிப் பாசியின் வாடை. வெளியே ஓடி வந்து பார்த்தால், கரையில் ஒரு நண்டு வளையிலிருந்து நூல்போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

செவந்தி தானே மண்ணை அள்ளி அப்பிப் பார்த்தது. முயலின் முன்னங்கால் எவ்வளவு மண் அள்ளிவிடும்? அப்பியது கொஞ்ச நேரத்தில் கரைந்துவிட்டது. குட்டிகளை வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம் என்றால், ஊர் முழுவதுமே பள்ளம்தான். செவந்தி மேயரைப் பார்க்க ஓடியது.

நாவல் மரத்தடியில் இருந்த மேயர் மன்றத்தில் அதற்கு அப்படி ஒரு வரவேற்பு. கூழைக்கடா கல்லிலிருந்து எழுந்து நின்று, அல்லி மாலை ஒன்றைச் செவந்தியின் கழுத்தில் போட்டது. மாலை முயலைவிடப் பெரிதாக இருந்தது. செவந்தி மாலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கசிவைப் பற்றியும் குட்டிகளைப் பற்றியும் சொல்லி முடித்தது. கேட்டுக்கொண்டிருந்த மேயரின் கண்ணில் நீர் கோத்தது.

"எவ்வளவு பெரிய ஆபத்து. சொல்லுங்கம்மா, நான் என்ன செய்யணும்?"

"ஓட்டையை அடைக்கணும் ஐயா. ரெண்டு பேர் களிமண் கொண்டுவந்தா போதும்."

கூழைக்கடாவின் முகம் சுருங்கியது. "அது ஒண்ணுதானம்மா என்னால முடியாது. அடைச்சு முடிச்ச பிறகு திறப்பு விழா வச்சா முதல் ஆளா வந்து நிப்பேன். அசம்பாவிதம் ஏதாவது நடந்தா இரங்கல் சொல்லவும் வருவேன். ஆனா மண்ணைத் தொடுற அதிகாரம் ஆணையருக்குத்தான்."

இரங்கல் என்ற சொல்லைக் கேட்டதும் செவந்தி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மாலையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஆணையரிடம் போனது.

ஆணையர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் நீலமேகம். கையெழுத்துப் போட முதுகிலேயே எழுதுகோல்கள் வைத்திருந்ததால் அந்தப் பதவிக்கு அதைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லை. ஆறு வருடங்களில் அது ஒருநாளும் கரைக்குப் போனதில்லை. ஆனால் தேக்கிலையில் கரையின் படம் ஒன்றை அழகாகக் கீறி வைத்திருந்தது. படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, நீ சொல்லும் இடத்தில் கசிவு எதுவும் இல்லை என்றது. செவந்தி தன் ஈரக் காலை நீட்டிக் காட்டியது. இலைமேல் தண்ணீர் படும், காலைத் தள்ளி வை என்றது நீலமேகம். பிறகு பொறுமையாக விளக்கியது. கசிவே இருந்தாலும், மன்றத்தில் தீர்மானம் நிறைவேறாமல் ஒரு கவளம் களிமண்ணைக்கூட எடுக்க முடியாது. மன்றத்தை மேயர்தான் கூட்ட வேண்டும். நல்ல வேளையாக மூன்றாம் நாள் கூட்டம் இருக்கிறது. அதுவரை தண்ணீர் பொறுத்துக்கொள்ளாதா என்ன?

தண்ணீருக்கு அந்தப் பொறுமை இல்லை. மூன்றாம் நாள் காலைக்குள் நூலாக இருந்தது விரல் கனத்துக்கு வந்துவிட்டது. செவந்தி குட்டிகளை வளையின் மேட்டுப் பக்கமாக நகர்த்திவிட்டு, சுவரில் முடிந்தவரை மண் அப்பிவிட்டு, கூட்டத்துக்குப் போய் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தது.

முதல் பொருள், மேயரின் கல் கிழக்கே பார்த்திருக்க வேண்டுமா, வடக்கே பார்த்திருக்க வேண்டுமா என்பது. கிழக்குத் தெரு உறுப்பினரான முத்துக்கருப்பன் என்ற காட்டுப்பன்றி, தன் தெரு தொடர்ந்து புறக்கணிக்கப்படுவதாகச் சொல்லி வெளிநடப்புச் செய்தது. இரண்டாவது பொருள், அங்கிக்கு உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைப்பது. அது ஏகமனதாக நிறைவேறியது. மூன்றாவது பொருள், இந்த ஆண்டு கரையில் ஒரு கசிவும் இல்லாமல் பார்த்துக்கொண்டதற்காக ஆணையருக்கு நன்றி.

செவந்தி எழுந்தது. பார்வையாளர்கள் பார்க்கலாம், பேசக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அது உட்காரவில்லை.

"கசியுது. என் வீட்டுக்குள்ளயே கசியுது. நாலு குட்டி ஈரத்துல கிடக்குது" என்றது.

எல்லாரும் மேயரைப் பார்த்தார்கள். கூழைக்கடா கல்லிலிருந்து எழுந்தது. ஏதோ சொல்ல அலகைத் திறந்தது. இது பட்டியலில் இல்லாத பொருள் என்று நீலமேகம் அதன் காதில் சொன்னது. அவ்வளவு பெரிய அலகு அவ்வளவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனாலும் மன்றம் இரக்கமில்லாதது அல்ல. கசிவு உண்டா இல்லையா என்று பார்க்க மூவர் குழு அமைத்தது. மழைக்காலத்தில் கரை வழுக்கும் என்பதால், மழை முடிந்த பிறகு குழு கரைக்குப் போகும் என்றும் முடிவானது.

மறுநாள் நடுப்பகலில் மழை கொட்டியது. ஏரி பொங்கியது. நண்டு வளை திடீரென்று பானை வாயளவுக்குப் பிய்த்துக்கொண்டது. செவந்தி போட்ட கூச்சலில் பக்கத்து வளையின் பெருச்சாளிகள் இரண்டு ஓடி வந்தன. மூன்றும் வாயிலும் கையிலும் மண்ணை அள்ளி ஓட்டையில் திணித்தன. திணிக்கத் திணிக்கத் தண்ணீர் அதைத் துப்பியது. அந்த நேரம் பார்த்து ஓர் அணில், ஆணையர் இலையில் எழுதிய அறிவிப்பைக் கொண்டுவந்து நீட்டியது. அனுமதியில்லாமல் களிமண் எடுப்பது குற்றம் என்று அதில் இருந்தது. மூத்த பெருச்சாளி அதை மரியாதையாக வாங்கி, மண்ணோடு சேர்த்து ஓட்டைக்குள் திணித்தது.

சற்று நேரத்தில் மேயரும் வந்தது. அங்கி, சங்கிலி, கோல் எல்லாவற்றோடும் சேதத்தைப் பார்வையிட வந்திருந்தது. தாமரை இலையைக் குடையாகப் பிடித்தபடி நீலமேகம் பின்னால் நின்றது. சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கியது.

செவந்தி அதன் முன்னால் வந்து நின்றது. உடம்பு முழுக்கச் சேறு. மூச்சு வாங்கியது.

"ஐயா, உங்க அலகுப் பையில எவ்வளவு சேறு கொள்ளும்?"

கூழைக்கடா திகைத்தது. மேயரான நாள் முதல் யாரும் அதனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "பதினைஞ்சு மீன் கொள்ளும். சேறு போட்டுப் பார்த்ததில்லையேம்மா" என்றது.

"இப்போ போட்டுப் பாருங்க."

சிறகை விரிக்க அங்கி விடவில்லை. சபாபதி திரும்பி, இதைக் கழற்றலாமா என்று ஆணையரைக் கேட்டது. போடுவதற்கு விதி இருக்கிறது, பதவிக்காலம் முடியுமுன் கழற்றுவதற்கு விதி இல்லை என்றது நீலமேகம். அந்த நேரத்தில் செவந்தியின் வளைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு கீச்சொலி வந்தது. சபாபதி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அங்கியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சங்கிலி அறுந்து நத்தை ஓடுகள் சேற்றில் உருண்டன.

அது ஏரியோரத்துக்குப் பறந்து போய், அலகை அடிவரை செருகி, பை நிறையக் களிமண்ணோடு வந்தது. ஒரு நடையில் அது கொட்டியது முயலின் ஐம்பது நடைக்குச் சமம். மீண்டும் போனது. மீண்டும் வந்தது. வேடிக்கை பார்க்க வந்த முத்துக்கருப்பன், கிழக்குத் தெருவுக்கு இழைத்த அநீதியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கொட்டிய மண்ணின்மேல் தன் கனத்த உடம்பைச் சாய்த்து அழுத்தியது. பதினோராவது நடையில் ஓட்டை அடைபட்டது.

செவந்தி தண்ணீர் புகுந்த வளைக்குள் பாய்ந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் வைத்தது. மூன்று குட்டிகள் நடுங்கிக்கொண்டு முனகின. நான்காவது அசையவில்லை.

செவந்தி அதை நக்கிக்கொண்டே இருந்தது. சபாபதிக்கு இரங்கல் உரை முழுவதும் மனப்பாடம். எத்தனையோ வாசல்களில் சொன்னதுதான். அன்று அதற்கு ஒரு சொல்கூட வரவில்லை. நேற்று மன்றத்தில் அலகை மூடாமல் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலையே மன்றம் கூடியது. கரை உடைய இருந்தபோது கூடாத வேகத்தில் கூடியது. பொது இடத்தில் அங்கியில்லாமல் நின்றது, ஆணையரின் வேலையில் தலையிட்டது, பதவியின் அலகைச் சேறாக்கியது என்று சபாபதியின்மேல் மூன்று குற்றங்கள் வாசிக்கப்பட்டன. அங்கி இல்லாவிட்டால் எது மேயர், எது கூழைக்கடா என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கீரி கேட்டது. சபாபதியைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை முத்துக்கருப்பன் மட்டும் எதிர்த்து வாக்களித்தது. பிறகு பழக்கதோஷத்தில் வெளிநடப்பும் செய்தது.

குருவிகள் அங்கியைத் துவைத்துத் தைத்துக் கொடுத்தன. புது மேயராக ஒரு நத்தைகுத்தி நாரை தேர்ந்தெடுக்கப்பட்டது. நீண்ட கழுத்துக்குச் சங்கிலி எடுப்பாக இருந்தது. அதன் முதல் நிகழ்ச்சி, அடைபட்ட ஓட்டையின் திறப்பு விழா. ஊரே கூடிக் கைதட்டியது. நீலமேகத்துக்கும் மாலை விழுந்தது. கசிவு இல்லை என்று அது அன்றே படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்ததே.

சபாபதி விழாவுக்குப் போகவில்லை. செவந்தி புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்த வளையின் வாசலில் வந்து தயங்கி நின்றது. செவந்தி நிமிர்ந்து பார்க்காமல் மண்ணைத் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தது. சபாபதியும் போகவில்லை.

கடைசியில், "வேற எங்கயாவது ஈரம் தெரியுதாம்மா?" என்று கேட்டது.

"தெற்கு மூலையில ஒரு இடம் இருக்கு" என்றது செவந்தி.

இரண்டும் கரையேறி நடந்தன.

வேலை போய் மரியாதை மட்டும் மிஞ்சிய பதவி, வெள்ளத்துக்கு முன்னால் வெறும் துணிதான்.