சாவி போடுமுன்னே ஓடிய கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற புளுகு எதுவும் என்னுடையது இல்லை. எல்லாம் மருதாசலம் அண்ணனுடையது. எனக்குப் புளுக வராது. வந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன்.

என் பெயர் தாரணி. பதினேழு வயது. ப்ளஸ் டூ பாதியில் நின்றுவிட்டேன். காரணம் கேட்காதீர்கள், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நின்ற பிறகு கோவை கணபதியில் ராயப்பன் அண்ணனின் லேத் பட்டறை ஓரமாக ஒரு கார் கட்டினேன். கிட் கார். சேஸிஸ், பாடி, சீட்டு எல்லாம் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். சித்தப்பா ஆசையாக வாங்கி, வேலை கிடைத்துத் துபாய்க்குப் போனதும் அப்படியே விட்டது. இன்ஜின் மட்டும் அடிபட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றியது. இன்ஜெக்‌ஷன் இன்ஜின். எப்போது பெட்ரோல் பீச்ச வேண்டும், எப்போது பிளக்கில் பொறி விழ வேண்டும் என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே நாற்பத்தேழு ஒயர். நாற்பத்தேழையும் இழுத்தவள் நான்.

அப்பா பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். அளந்துதான் பேசுவார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லாரியோட வர்றேன். வண்டி தானா ஓடி லாரியில ஏறுச்சுன்னா டிராக்குக்குக் கொண்டு போ. ஏறலீன்னா திங்கக்கிழமை டுடோரியல்ல சேந்து ப்ளஸ் டூ எழுதற" என்றார். வீட்டில் கட்டிய கார்களுக்கென்று செட்டிபாளையம் பக்கத்து டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். அதற்குப் பேர் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு நிலைமை இது: செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும். பிறகு 'டப்' என்று ஒரு வெடி. ஏர் ஃபில்டர் மூடி பறந்து போய் லேத்தின் மேல் விழும். ராயப்பன் அண்ணன் அதை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுப்பார். காலையிலிருந்து ஆறு முறை கொடுத்துவிட்டார்.

"டைமிங்தாங்ணா தப்பு" என்றேன். "இன்னொருக்கா பாருங்ணா."

சொன்னது மருதாசலம் அண்ணனிடம். ஆட்டோ எலக்ட்ரீசியன். ஐம்பது வயது, பனியன் மேல் சட்டை திறந்தே இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியில் டைமிங்கை எழுதுகிற லேப்டாப் அவருடையது. முந்தின நாள் டைமிங் வைத்தவரும் அவர்தான். ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ற கை வெச்ச டைமிங்கை இன்னொருக்கா பாக்கறதா? அம்மணி, உன்ற ஒயரிங்கைப் பாரு. நான் டைமிங்குக்குன்னே பொறந்தவன். ஊட்டியில ஒருத்தரு வண்டி முக்குது, வாங்கன்னு போன் பண்ணுனாரு. நான் எதுக்குங்க வரோணும், போனை இன்ஜின் மேல வெய்யுங்கன்னேன். கேட்டேன். அரை டிகிரி தப்பு. இங்கிருந்தே ஒரு அதட்டு அதட்டுனேன், அங்க சரியாப் போச்சு."

"இன்ஜினை அதட்டுனயா?" ராயப்பன் அண்ணன் லேத்தை நிறுத்தினார்.

"அதட்டுனேன். அதோட விட்டனா? உங்க சமையக்கட்டுல எண்ணெய் காயறதுக்குள்ள கடுகைப் போடறாங்க, அதையும் சித்தெ தள்ளிப் போடச் சொல்லுங்கன்னேன். அந்த வீட்டுல இன்னைக்கு வரைக்கும் தாளிப்புன்னா என்ற பேரைச் சொல்லித்தான் தாளிக்கறாங்க."

நான் மல்டிமீட்டரை எடுத்து முதல் ஒயரிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். கோபம் வந்தால் நான் ஒயர் பார்ப்பேன். பேசினால் சண்டையாகிவிடும், சண்டை போட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விடுவார்.

"நாப்பத்தேழு ஒயரு!" என்றார் எனக்குப் பின்னாலிருந்து. "எதுக்கு அம்மணி அத்தனை? நான் ஒரு காருக்கு முழுசா ஒரே ஒயர்ல ஒயரிங் பண்ணியிருக்கறேன். முன்னால பம்பர்ல ஆரம்பிச்சது, பின்னால பம்பர்ல முடிஞ்சுது. ஆரன், லைட்டு, வைப்பரு, பிளக்கு, அத்தனையும் அந்த ஒத்தை ஒயருதான்."

"ஆரன் கரண்டும் லைட்டுக் கரண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்காதா?"

"ராயப்பா, நல்ல கேள்வி கேட்ட. முட்டுச்சு. மொத நாளு ஆரன் அடிச்சா வைப்பர் ஆடுச்சு. அப்புறம் ஒயருக்குள்ள ஒன்வே போட்டேன். காலைல எட்டுல இருந்து பத்து வரைக்கும் லைட்டுக் கரண்டு உள்ள வரக் கூடாது. அதுகளும் படிச்ச கரண்டு, சொன்னாக் கேட்டுக்கிச்சு."

"பகல்ல எதுக்குய்யா லைட்டுக் கரண்டு?"

"அதான் வேண்டாம்னு நிறுத்துனேங்கறேன்!"

மணி மூன்று. நாற்பத்தேழு ஒயரும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. "அண்ணா, ஒயரிங் சரியா இருக்குது. டைமிங் பாருங்க. நாலு மணிக்கு அப்பா வந்துருவாரு."

"டைமிங்னா என்னன்னு உனக்கு யாராச்சும் சொல்லியிருக்கறாங்களா?"

சொல்லியிருக்கிறார்கள். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக்கில் பொறி விழுந்துவிட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை டிகிரியில் சொல்வார்கள். ரொம்ப முந்தினாலும் வெடிக்கும், பிந்தினாலும் இழுக்காது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"பத்து டிகிரி முன்னால வெச்சா எல்லாரு வண்டியும் ஓடும். என்ற வண்டிக்கு இருவது வெச்சேன். சும்மா சிட்டாப் பறந்துச்சு. ஆசை யாரை விட்டுது? அறுவது வெச்சேன். முந்நூத்தறுவது வெச்சேன். கடைசியா ஏழாயிரத்து இருநூறு டிகிரி வெச்சேன். அடுத்த நாள் காலைல பல்லு வெளக்கிட்டிருக்கறேன், வாசல்ல வண்டி ஓடிட்டு நிக்குது. சாவி என்ற சட்டைப் பையில. சட்டை கொடியில."

"அப்புறம்?" என்றார் ராயப்பன் அண்ணன். லேத்தை ஒரேயடியாக அணைத்துவிட்டார். இவர் ஒருவர் போதும் அவரை ஏற்றிவிட.

"பொள்ளாச்சிக்குக் கெளம்புனேன். பத்து மணிக்குக் காந்திபுரம். ஒம்போதே முக்காலுக்குப் பொள்ளாச்சி."

"போற வழியில கடிகாரம் நின்னுருக்கும்."

"கடிகாரமெல்லாம் ஓடுச்சு. வண்டிதான் முந்திருச்சு. கிணத்துக்கடவு தாண்டறேன், முன்னால ஒருத்தன் போறான். ஆரன் அடிச்சாலும் வழி உடமாட்டேங்கறான். எறங்கி வாடான்னு நல்லாத் திட்டிப்போட்டேன். அவன் திரும்பிப் பாத்தான். பாத்தா, நானு!"

"உன்னையவே திட்டிக்கிட்டயா?"

"அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பத்து நிமிசத்துக்கு முன்னால எவனோ பின்னால வந்து என்னைத் திட்டுனான். ரோசப்பட்டு, அடுத்த முக்குல வழி உட்டுட்டேன்."

எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. மணியைப் பார்த்ததும் போய்விட்டது. மூன்று இருபது.

"பெட்ரோலைக் கேளு" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே. "பெட்ரோல் வர்றதுக்கு முந்தியே பொறி விழுந்து வேலை முடிஞ்சிருது. பின்னால வர்ற பெட்ரோலுக்கு வேலை இல்ல, திரும்பி டேங்குக்கே போயிருது. பொள்ளாச்சியில எறங்கறேன், டேங்கு ததும்பி வழியுது. பங்க்குக்கு ஓட்டிட்டுப் போயி, கொஞ்சம் எறக்கிக்குங்கன்னேன். மூணு கேன் புடிச்சாங்க. பங்க்குக்காரரு அந்த வாரம் பெட்ரோல் லாரியே வேண்டாம்னுட்டாரு."

இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. அவர் பையிலிருந்து டைமிங் லைட்டை நானே எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். முதல் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று வெட்டும். அந்த வெளிச்சத்தை இன்ஜின் முன்னால் சுற்றுகிற புல்லியில் அடித்தால், புல்லியில் உள்ள ஒரு கோடு நின்ற மாதிரி தெரியும். அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் டைமிங் வைப்பார்கள்.

"ராயப்பண்ணா, செல்ஃப் அடிங்க."

அடித்தார். லைட் வெட்டியது. கோடு தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று. வெள்ளை வெளேரென்று, வரிசையாக மூன்று கோடு.

புல்லியில் கோடு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை ஆயுத பூஜை. பட்டறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். காருக்கு முகம் மாதிரி முன்னால் இருந்தது அந்தப் புல்லிதான். சந்தனத்தில் குழைத்த விபூதியை மூன்று விரலால் அதில் பட்டையாக இழுத்து, பக்கத்தில் பெரிய பொட்டு வைத்தது நான். இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. அடுத்த நாள் மருதாசலம் அண்ணன் லைட்டை அடித்து, முதலில் பளிச்சென்று தெரிந்த பட்டையைக் கோடு என்று எடுத்துக்கொண்டு டைமிங் வைத்துவிட்டார். உண்மையான கோடு பொட்டுக்கு அடியில் கிடந்தது.

லைட்டை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பட்டை" என்றார்.

"நான்தாங்ணா போட்டேன்."

"நான்தான் அதைப் பாத்து வெச்சிருக்கறேன்."

அவர் வாயிலிருந்து அன்று வந்த முதல் உண்மை அது. அதற்குப் பிறகு கால் மணி நேரம் அவர் பேசவே இல்லை. நான் துணியால் புல்லியைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, கொஞ்சம் மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது. அவர் லைட்டை அடித்து, கண்ணைச் சுருக்கி, லேப்டாப்பில் எண்ணை மாற்றினார். இருபத்தெட்டு டிகிரி தள்ளி இருந்திருக்கிறது. மறுபடி அடித்தார், இன்னும் ஒன்று குறைத்தார். வாயை மூடியிருக்கும்போது அவர் நல்ல எலக்ட்ரீசியன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு ராயப்பன் அண்ணன் செல்ஃப் அடித்தார். ஃபில்டர் மூடியைப் பிடிக்க ஒரு கை தயாராக வைத்திருந்தார். மூடி பறக்கவில்லை. இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. நான் அழவில்லை. மண்ணெண்ணெய்க் கையைக் கண்ணில் வைத்துவிட்டேன், அதனால் தண்ணீர் வந்தது.

நாலுக்கு லாரி வந்தது. அப்பா இறங்கினார். ஓடுகிற இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சீட்டில் ஏறி, கியர் போட்டு, பலகை வழியாக லாரிக்குள் ஏற்றி நிறுத்தினேன். நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை.

"யாரு சரி பண்ணுனது?" என்றார் அப்பா.

மருதாசலம் அண்ணன் முந்திக்கொண்டார். "உங்க பொண்ணுதானுங்க! காலைல இருந்து ஒரே தவம். கண்ணை மூடி இன்ஜின் மேல ஒரு விரலை வெச்சுதுங்க. இருவத்தெட்டு டிகிரி தள்ளிக் கெடக்குது, அண்ணா எழுதிக்குங்கன்னுச்சு. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. ரோட்டுல போற வண்டியெல்லாம் நின்னு, தனக்கும் ஒருக்கா பாத்து உடச் சொல்லி ஆரன் அடிக்குதுங்க..."

"அதெல்லாம் இல்லப்பா" என்றேன் லாரிக்குள்ளிருந்து. "நான் போட்ட விபூதிப் பட்டையை இவரு கோடுன்னு நெனச்சுட்டாரு. துணி எடுத்துத் துடைச்சேன். அவ்வளவுதான்."

அப்பா எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"துணி எடுத்துத் துடைக்கறதுக்கு மூணு பேருக்கு ரெண்டு நாளா?" என்றுவிட்டு லாரியில் ஏறி, டிரைவரிடம் கையைக் காட்டினார்.

லாரி நகர்ந்தது. மருதாசலம் அண்ணன் கூடவே நாலெட்டு நடந்து வந்தார்.

"ஏனுங்க, அது சாதாரணத் துணின்னு நெனச்சீங்களா?"