மனைவி என்பதற்கு ஆதாரம்

தணிகாசலம் அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியப் பிரிவின் கண்காணிப்பாளர். அவருடைய குரு வேதவல்லி அம்மை, அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் அவரிடம் கேட்டார்:

"அம்மா, ஒருத்தி மனைவி என்பதற்கு எது ஆதாரம்?"

"யாருக்கு வேண்டும்?"

"எனக்குத்தான். பேச்சியம்மாள் என்று ஒரு பெண். புருஷன் சுடலைமுத்து சாலைப் பணியாளர், இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்கிறாள். கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு இல்லை. ரேஷன் கார்டு வெள்ளத்தில் போய்விட்டது. புருஷனுடைய தம்பியோ, இவள் மனைவியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆதாரம் கொண்டு வரச் சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நாளைக்கும் வருவாள்."

"நானும் வருகிறேன்" என்றார் அம்மை.

மறுநாள் அம்மை அலுவலக பெஞ்சில் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். மதியம் வரை அங்கேயே இருந்தார். பேச்சியம்மாள் தன் புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தாள். சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தணிகாசலத்தின் மேஜைக்கு வந்தார்.

"இவர் கணவர் உங்கள் துறையில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார்?"

"முப்பத்தொன்று."

"அத்தனை வருஷத்தில் மனைவியைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையா?"

தணிகாசலம் பேனாவை மூடினார். எழுந்து பதிவறைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் தூசியாக, சுடலைமுத்துவின் பணிப்பதிவேட்டோடு திரும்பினார்.

நடுப் பக்கத்தில், தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த வாரிசு நியமனம் இருந்தது. பேச்சியம்மாள், மனைவி. கீழே சுடலைமுத்துவின் கையெழுத்து, அதிகாரியின் முத்திரை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

பேச்சியம்மாள் எழுத்தை விரலால் தொட்டாள்.

"அவுக எழுத்துதான் சார். எம்பேரை இப்பிடித்தான் சாய்ச்சு எழுதுவாக."



தணிகாசலம் அங்கேயே பரிந்துரையை எழுதி, கோப்பை மேலதிகாரியிடம் தானே கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது. பேச்சியம்மாள் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

வாசலில் நின்று தணிகாசலம் கேட்டார்:

"அம்மா, நான் எந்த விதியையும் மீறவில்லையே?"

"மீறவில்லை. விதி ஆதாரம் கேட்டது. அதைப் பேச்சியம்மாள்தான் சுமந்து வர வேண்டும் என்று கேட்டது யார்?"