கரையடியில் கூடிய பேரவை

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் சிறியோரே. மனிதர்களுக்கு வெட்கம் இன்னும் முற்றிலும் தீர்ந்துபோகாத பழங்காலத்தில், நெடுங்கரை என்றோர் ஊர் இருந்தது.

அவ்வூருக்கு அரசன் இல்லை. இருபத்தொருவர் கொண்ட பேரவை ஒன்று அதை ஆண்டது. ஆண்டதாக அந்த இருபத்தொருவரும் நம்பினார்கள். அவர்களுள் பதினொருவர் எவரை ஏற்றுக்கொள்கிறார்களோ அவர் கருங்காலிப் பீடத்தில் அமர்வார். அவரே தலைவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பலாமணையில் அமர்ந்து ஊரின் நன்மையை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணிய நன்மை மண்டபத்தை விட்டு வெளியே வந்து எவரும் கண்டதில்லை.

ஊருக்கு மேற்கே பேரேரி கிடந்தது. அதன் கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் இருந்தன. அவற்றுள் கடைசி வீடு கொற்றியினுடையது. கொற்றி கரைகாவல் பார்ப்பவள். நாள்தோறும் விடிந்ததும் வெறுங்காலோடு கரை முழுவதும் நடந்து, எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே நண்டு வளை தோண்டியிருக்கிறது என்று பார்ப்பது அவளுடைய தொழில்.

அவ்வாண்டு ஐப்பசி மழை ஓயாமல் பெய்தது. ஒரு காலையில் கரையின் அடிவாரத்தில் நூல்போல் நீர் கசிவதைக் கொற்றி கண்டாள். தெளிந்த நீராக இருந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அது செம்மண் கலந்து வந்தது. கரையின் உள்ளே மண் கரைகிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் தங்கை நாகி. பிள்ளை பெற்று ஒன்பது நாளாகியிருந்த நாகி, எழுந்து நடக்க வலுவின்றி, கரைக்கு நேர் கீழே அந்தக் கடைசி வீட்டில் படுத்திருந்தாள்.

நாற்பது வீட்டார் கூடி நாற்பது கூடை மண் கொட்டினால் அன்றைக்கே அடைபட்டுவிடும் கசிவுதான். ஆனால் நெடுங்கரையில் சட்டம் இருந்தது. பேரவையின் ஆணை ஓலை இல்லாமல் ஏரிக்கரையில் எவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. வைத்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும். முன்பு எவனோ ஒருவன் தன் வயலுக்காகக் கரையை வெட்டினானாம். அவன் பேரவை உறுப்பினரின் மைத்துனன். ஆகவே அவனைத் தண்டிக்காமல், மற்ற எல்லாருடைய மண்வெட்டிகளையும் பேரவை தண்டித்துவிட்டது.

கொற்றி மண்டபத்துக்குச் சென்றாள். தலைவர் பெருநம்பி பீடத்தில் அமர்ந்திருந்தார். அவள் கைகூப்பி வாய் திறப்பதற்குள், சேந்தன் என்னும் உறுப்பினர் எழுந்து தம் மார்பில் அறைந்துகொண்டார்.

"இனி என் மனச்சான்று இந்தத் தலைவரைப் பொறுக்காது!"

அவரோடு பதினொருவருடைய மனச்சான்றுகளும் அதே நொடியில் விழித்துக்கொண்டன. பன்னிருவரும் தத்தம் மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

"ஐயா, ஏரிக்கரையில் கலங்கல் நீர் கசிகிறது," என்றாள் கொற்றி.

"அம்மா, என் பீடமே கசிந்துகொண்டிருக்கிறது. நீ கரையைப் பற்றிச் சொல்கிறாயே!" என்றார் பெருநம்பி.

வாயிலைத் தாண்டிக்கொண்டிருந்த சேந்தன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கவலைப்படாதே கொற்றி. நாளை நான் அமர்கிறேன். அமர்ந்ததும் உன் வேலைதான் முதல் வேலை."

கொற்றி நம்பினாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாள் பறை முழங்கிற்று. சேந்தன் தலைவரானார். கசிவு ஒரு விரற்கடை ஆயிற்று. கொற்றி மீண்டும் சென்றாள்.

புதிய தலைவர் மூன்று ஆணைகளைப் பிறப்பித்தார். தம் வெற்றியை ஊரார் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்பது முதலாவது. மறுபடி எவரும் தம்மைப்போல் வெளியேறிவிடக் கூடாதே என்னும் முன்யோசனையால் பிறந்தது இரண்டாவது: காலையிலும் பிற்பகலிலும் கூடும்போது ஒரு சங்கும், கலையும்போது ஒரு சங்கும் ஊதப்படும், இரண்டுக்கும் நடுவே மணையை விட்டு எழுந்தவர் உறுப்பினர் உரிமையை என்றென்றைக்கும் இழப்பார்.

மூன்றாவது ஆணையைப் படிக்கும்போது 'ஏரி' என்ற சொல் காதில் விழுந்ததும் கொற்றியின் நெஞ்சு துள்ளிற்று.

"ஏரிநாயகம் என்னும் பட்டத்தையும், அதற்குரிய பொற்பட்டையையும் என் மருமகனுக்கு வழங்குகிறேன்."

உடனே ஆதன் என்னும் உறுப்பினரின் முகம் கறுத்தது. அந்தப் பட்டம் தமக்கென்று அவர் நெடுநாளாக எண்ணியிருந்தார். ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குச் சற்று ஐயமாக இருந்தது.

"என் மனச்சான்று..." என்று தொடங்கினார் ஆதன். எழுந்தால் உரிமை போய்விடும். ஆகவே அவர் எழவில்லை. அமர்ந்தபடியே மணையோடு நகர்ந்து திரும்பி, தலைவருக்கு முதுகைக் காட்டினார். ஆறு பேர் அவ்வாறே திரும்பினார்கள். உலகில் எழாமலே எழுந்த முதற் கிளர்ச்சி அதுவே.

"ஐயா, கசிவு விரல் அளவுக்குப் பெருத்துவிட்டது," என்றாள் கொற்றி.

"இந்த முதுகுகளை முதலில் திருப்புகிறேன் அம்மா. பிறகு உன் கரை," என்றார் சேந்தன்.

அவள் கடைத்தெரு வழியே திரும்பினாள். உப்பு விற்கும் வேலி என்பவள் அவளை நிறுத்தினாள்.

"கொற்றியக்கா, இன்றைக்குத் தலைவர் யார்?"

"எந்த நேரத்துக்குக் கேட்கிறாய்? காலைக்கா, மாலைக்கா?"

"மாலைக்குத்தான். காலைத் தலைவருக்கு ஏற்றிய விளக்கே இன்னும் அணையவில்லையே. அதையே இவருக்கும் வைத்துக்கொள்ளலாமா, எண்ணெய் மாற்ற வேண்டுமா?"

பக்கத்துக் கடைக்காரர் தலையை நீட்டினார். "பறையடிப்பவனுக்குக் கை வீங்கிவிட்டது தாயே. பெயரைச் சொல்லாமல் 'புதிய தலைவர் வாழ்க' என்று ஒருமுறை அடித்துவிட்டு ஓராண்டு ஓய்வெடுக்கிறேன் என்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். கொற்றியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, தங்கையின் படுக்கைக்கு அடியில் தரை ஈரமாகியிருப்பதைக் கண்டபோது, அந்தச் சிரிப்பு அவளுக்குக் கசந்தது.

மூன்றாம் நாள் கசிவு மணிக்கட்டின் பருமனுக்கு வந்தது. கொற்றி மூன்றாம் முறையாக ஓடினாள்.

பீடம் காலியாக இருந்தது. பேரவை மூன்றாகப் பிளந்திருந்தது. பெருநம்பிக்கு ஏழுபேர், சேந்தனுக்கு ஏழுபேர், ஆதனுக்கு ஏழுபேர். அப்பழுக்கில்லாத பங்கீடு. எவருக்கும் பதினொருவர் இல்லை. ஆகவே எவரும் தலைவர் இல்லை.

"பீடம் இருக்கும் இடமே பேரவை என்பது நம் முன்னோர் விதி!" என்று சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார் ஆதன். "பீடத்தை என் மாந்தோப்புக்குத் தூக்குங்கள். அங்கே கூடுவோம்!"

"என் வீட்டு முற்றத்துக்குத் தூக்குங்கள்!" என்றார் சேந்தன்.

"பழையபடி என்னிடமே தூக்குங்கள்!" என்றார் பெருநம்பி.

கொற்றி நடுவில் போய் நின்றாள். "ஐயாமாரே, கரை உடையப் போகிறது. நாற்பது வீடுகள். மண் கொட்ட ஓர் ஓலை கொடுங்கள். யார் கொடுத்தாலும் சரி."

"தலைவர் இல்லாதபோது இருபத்தொருவரும் கையொப்பமிட்டால்தான் ஓலை செல்லும்," என்றார் பெருநம்பி. "வாங்கிவிடேன், பார்ப்போம்!"

மூன்று கூட்டத்தாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தத் திங்களில் பேரவை ஒருமித்துச் செய்த ஒரே செயல் அந்தச் சிரிப்புதான்.

உச்சிப்பொழுதுச் சங்கு ஊதிற்று. உறுப்பினர்கள் உண்ணச் சென்றார்கள். நாட்டைப் பிளந்தவர்களுக்கும் பசிக்குமல்லவா?

கொற்றி போகவில்லை. காலியான பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தை அடக்கி அவள் சிந்தித்தாள். 'பீடம் இருக்கும் இடமே பேரவை' என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு தெருவுக்கு ஓடினாள்.

சிறிது நேரத்தில், வேலியும் கடைக்காரரும் கரையடிக் குடியினர் அறுவரும் அவளோடு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். வாயிலில் காவலன் கண்டன் நின்றான். சங்கு ஊதுபவனும் அவனே.

"பீடத்தை எங்கே தூக்குகிறீர்கள்?"

"காலை முழுதும் தூக்குங்கள், தூக்குங்கள் என்று அவர்கள்தானே கத்தினார்கள் அண்ணே?" என்றாள் கொற்றி.

"கத்தினார்கள். எந்த இடத்துக்கென்று முடிவாகவில்லையே."

"முடிவு செய்யும் சிரமத்தையாவது நாம் குறைப்போமே."

கண்டன் சிறிது யோசித்தான். "உங்களைத் தடுக்க வேண்டுமென்றால் ஒரு தலைவருடைய கட்டளை வேண்டும். நான் இப்போது எவருடைய காவலன் என்பதே எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு, பீடத்தின் ஒரு காலைத் தானும் பிடித்தான்.

கரையின் அடிவாரத்தில், செங்கலங்கல் நீர் பாயும் இடத்துக்குப் பத்தடி முன்னே, கருங்காலிப் பீடம் வைக்கப்பட்டது.

செய்தி பறந்தது. சேந்தன்தான் திருடிவிட்டார் என்று ஆதன் எண்ணினார். ஆதன்தான் என்று பெருநம்பி எண்ணினார். தமக்கு முன்னே மற்றவர் அமர்ந்துவிடுவாரோ என்று மூவரும் அஞ்சினார்கள். கையைச் சரியாகக் கழுவாமலும் மணையை மறக்காமலும் இருபத்தொருவரும் கரையடிக்கு ஓடிவந்து அமர்ந்தார்கள். ஆதன் கூட்டத்தார் கொள்கை தவறாமல் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்தபடி அமர்ந்தார்கள்.

கண்டன் சங்கை ஊதினான். பேரவை கூடிற்று. தலைவர் ஒருவர் முன்னதாகக் கலைத்தாலன்றி, இனிப் பொழுது சாயும்வரை எழக்கூடாது.

"இந்தச் சேற்றிலா கூடுவது?" என்று சீறினார் சேந்தன். "இதென்ன இடம்?"

"நாற்பது வீட்டார் சமைக்கும் இடம், உண்ணும் இடம், உறங்கும் இடம் ஐயா," என்றாள் கொற்றி. "அதோ அந்த வீட்டில் என் தங்கை பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். நீங்கள் மாலைவரை இருந்தால் போதும்."

செங்கலங்கல் மணைகளைச் சுற்றித் தேங்கிற்று. கணுக்கால் நனைந்தது. பட்டு வேட்டியின் விளிம்பு நனைந்தது. எழுந்துவிடலாம், ஆனால் எழுந்தவருடைய உரிமை போய்விடும். ஒருவர் எழுவாரா என்று மற்ற இருபதின்மரும் ஆசையோடு பார்த்திருந்தார்கள். எவரும் எழவில்லை.

அப்போது ஒரு வண்டிச்சக்கரம் அளவுள்ள மண்கட்டி கரையிலிருந்து பெயர்ந்து விழுந்தது. முதலில் கண்டவர்கள், கரையைப் பார்த்து அமர்ந்திருந்த ஏழுபேர்.

"உடையப் போகிறது!" என்று ஆதன் அலறினார். அந்தத் திங்களில் பேரவையில் ஒலித்த முதல் உண்மை அது. "யாரையாவது தலைவராக்கி அவையைக் கலையுங்கள்!"

"என்னை ஆக்குங்கள்!" என்றார் பெருநம்பி.

"என்னை!" என்றார் சேந்தன்.

"நான் செத்தாலும் உங்கள் இருவரையும் ஏற்க மாட்டேன்!" என்றார் ஆதன். அதற்கும் அதிக நேரம் இல்லை என்பதை மறுநொடியே உணர்ந்தார்.

நீர் மணையின் மேற்பலகையைத் தொட்டது. தலைவர் இல்லாமல் கலைய முடியாது. கலையாமல் எழ முடியாது. எழாமல் தப்ப முடியாது. எஞ்சியிருந்த வழி ஒன்றே: தண்ணீர் நிற்க வேண்டும்.

கொற்றி ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினாள்.

மூன்று நாளும் மூன்று கூட்டத் தலைவர்களும் கொடுக்காத ஆணை, ஏழு விரல் சொடுக்கும் நேரத்தில் இருபத்தொரு கையொப்பங்களோடு அவள் கைக்கு வந்தது. சேந்தன் அவசரத்தில் இரண்டு முறை கையொப்பமிட்டிருந்தார்.

மண்வெட்டிகள் எழுந்தன. மேட்டு நிலத்திலிருந்து கரைக்கு மண் வரவேண்டும். நடுவே, எழ முடியாத இருபத்தொருவர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கொற்றி முதற் கூடையை மேட்டுப்பக்கத்து மணையில் இருந்த பெருநம்பியின் கையில் வைத்தாள்.

"நானா?" என்றார் அவர்.

"எழ வேண்டாம் ஐயா. அடுத்தவரிடம் நீட்டினால் போதும்."

பெருநம்பி சேந்தனிடம் நீட்டினார். சேந்தன் ஆதனின் முதுகைத் தட்டினார். ஆதன் திரும்பி வாங்கிக்கொண்டார். கூடைக்குப் பின் கூடையாக மண் கைமாறிற்று. பொழுது சாயும் வேளையில் கலங்கல் நின்றது, கரை நின்றது, நாற்பது வீடுகளும் நின்றன.

கொற்றி வீட்டுக்குள் சென்று பார்த்தாள். நாகி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளியே என்னக்கா இவ்வளவு சத்தம்?"

"பேரவை வேலை செய்கிறது."

"போங்களக்கா, விளையாடாதீர்கள்," என்றாள் நாகி.

கண்டன் கலையும் சங்கை ஊதினான். சேறு படிந்த இருபத்தொருவரும் எழுந்தார்கள். எழுந்ததும், ஊரைக் காத்தது எந்தக் கூட்டம் என்று சண்டையிடத் தொடங்கினார்கள். பீடத்தை எங்கே கொண்டுபோவது என்பதிலும் அவர்கள் உடன்படவில்லை. ஊரார் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. பீடம் கரையடியிலேயே கிடந்தது. பேரவையும் வேறு வழியின்றி அங்கேயே கூடிற்று. அந்த மழைக்காலத்தில் தலைவர்கள் நான்கு முறை மாறினார்கள். ஆனால் கரை இரண்டு முழம் உயர்ந்தது. மதகுக்குப் புதுப் பலகை வந்தது. நண்டு வளை ஒன்று கண்டாலும் தலைவராக இருப்பவர் தாமே குனிந்து பார்த்தார்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: குடிகளின் ஆபத்தில் தாமும் பங்கு கொள்ளாதவரை, ஆள்வோருக்குத் தம் பதவியைத் தவிர வேறெதுவும் அவசரமாகத் தோன்றுவதில்லை.